தி கூட் ஃபேமிலி: நாலு பேருக்கு நல்லவர்களாகத் தெரிய ஒரு குடும்பம் படும் பாடு

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2009 மே 27 அன்று தொடங்கி, அந்த ஆகஸ்ட் மாதமே முடிந்துபோன அனிமேஷன் தொடர் இது. மொத்தம் 13 எபிசோடுகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள்தான். ஒரு வார இறுதி போதும். 'கிங் ஆஃப் தி ஹில்' தொடரால் பெயர் பெற்ற மைக் ஜட்ஜ், ஜான் ஆல்ட்ஷூலர், டேவ் கிரின்ஸ்கி மூவரும் சேர்ந்து உருவாக்கியது.

கணவர் ஜெரால்டு ஒரு சமுதாயக் கல்லூரியில் நிர்வாகி. குரல் கொடுத்திருப்பது மைக் ஜட்ஜேதான். மனைவி ஹெலன், மகள் பிளிஸ். ஆப்பிரிக்கக் குழந்தையைத் தத்தெடுக்க ஆசைப்பட்டவர்களுக்குக் கிடைத்ததோ தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரப் பையன். அவனுக்கு உபுண்டு என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். சுற்றுச்சூழலுக்குக் கேடு வராமல்தான் வாழ வேண்டும் என்ற இவர்களின் வாழ்க்கை முறையை மதிக்காத ஹெலனின் அப்பா சார்லி, அவ்வப்போது வந்து நிற்பார்.

இந்தத் தொடர் சுற்றுச்சூழல் அக்கறையையே கிண்டல் செய்கிறது என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அது சரியான வாசிப்பு இல்லை. குறி வைத்திருப்பது, 'நாலு பேர் என்ன நினைப்பார்களோ' என்ற பயத்தை. 'ஒன் எர்த்' என்ற இயற்கைப் பொருள் அங்காடிக் காட்சிகளைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து பை எடுத்து வர மறந்துவிட்டால் காகிதப் பையா, பிளாஸ்டிக் பையா? எதைத் தொட்டாலும் குற்றம். ஹெலன் திணறுவது பூமியை நினைத்து அல்ல, பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பார்வையை நினைத்து. அவளைவிட வசதியான மார்கோவோடு போட்டி போட வேண்டியிருப்பதால், நல்லவளாக இருப்பதற்கும் பணம் வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் எழுத்து மிகக் கூர்மை.

'சே' என்ற அவர்கள் வீட்டு நாய்க்கும் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாத வீகன் சாப்பாடுதான். பசி தாங்காமல் அது அக்கம்பக்கத்துச் செல்லப் பிராணிகளைப் பிடித்துத் தின்றுவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. வசனமே இல்லாமல் எபிசோடுக்கு எபிசோடு தொடரும் இந்த நகைச்சுவைதான் தொடரிலேயே சிறந்தது. பெரும்பாலும் காட்சியின் பின்புலத்திலேயே நடந்துவிடும், கண்ணைத் திருப்பினால் தவறிப்போகும்.

குறை முதல் எபிசோடில்தான் அதிகம். ஹைபிரிட் கார், பை, தத்தெடுப்பு, உணவு என எல்லாக் கிண்டலையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறார்கள். ஜட்ஜின் பலம் நிதானம்: ஒருவரைப் பேசவிட்டு, அவர் வாயாலேயே சிக்க வைப்பது. இங்கே அதற்கு நேரமே கிடைக்கவில்லை. சுற்றுச்சூழல் பிரசாரத்தால் பெயர் பெற்ற முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரை வைத்து வரும் நகைச்சுவை 2009-க்கு உரியது, இன்றைக்கு ஒட்டாது. ஏபிசி கோடையில் ஒளிபரப்பைத் தொடங்கிப் பிறகு வெள்ளிக்கிழமை இரவுக்குத் தள்ளியதும் பார்வையாளர்களைச் சிதறடித்தது.

ஆகவே முதல் எபிசோடை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாத்திரங்களை அறிமுகம் செய்துகொள்ள மட்டும் அதைப் பாருங்கள். உபுண்டு அமெரிக்கக் கால்பந்து அணியில் சேரும் 'பிளெதர்ஹெட்ஸ்' எபிசோடை அடுத்துப் போடலாம். மகனின் திறமையைப் பார்த்துப் பூரிப்பதா, அந்த முரட்டு விளையாட்டை வெறுப்பதா என்று பெற்றோர் தவிக்கும்போது, கிண்டலையும் தாண்டி அவர்கள் மேல் பாசமே வந்துவிடுகிறது.