வாசித்துக் கற்கும் கணினி: ‘நெல்’ தளம் பற்றிய மதிப்பீடு

‘நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னர்’, சுருக்கமாக ‘நெல்’, என்னும் நிரலை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையிலான குழு 2010 ஜனவரியில் இயக்கத் தொடங்கியது. ஆங்கில இணையப் பக்கங்களை இரவும் பகலும் வாசித்து, உலகத்தைப் பற்றிய செய்திகளைத் தானே திரட்டுவது அதன் வேலை. திரட்டியவற்றை எவரும் தேடிப் பார்க்கும்படி ஒரு தளத்தில் வெளியிட்டதுதான் இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு என்பேன்.

நகரம், நிறுவனம், விளையாட்டு அணி என்பன போன்ற சில நூறு வகைகளும் உறவுகளும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளும் மட்டுமே அதற்கு முதலில் தரப்பட்டன. தெரிந்த நகரங்களின் பெயர்கள் எத்தகைய சொற்றொடர்களுக்கு நடுவே வருகின்றன என்று அது கவனிக்கும். அதே சொற்றொடர்களுக்கு நடுவே புதுப்பெயர் வந்தால் அதையும் நகரமாகக் கொள்ளும். வலைப்பக்கங்களின் பட்டியல்களையும் அட்டவணைகளையும் ஆராய்வதற்கு நிரலில் வேறொரு பகுதி இருந்தது. ஒரு பெயர் ஒரே நேரத்தில் நகரமாகவும் மனிதராகவும் இருக்க முடியாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் இப்பகுதிகளைப் பிணைத்து, ஒன்றின் பிழையை மற்றொன்று தடுக்க வழிசெய்தன.

தளத்தில் ஒரு பெயரைத் திறந்தால், அது எந்த வகையைச் சேர்ந்தது, எவ்வளவு உறுதியோடு அவ்வாறு நம்பப்படுகிறது, எந்தப் பகுதி எந்தத் தேதியில் எந்தச் சொற்றொடரைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தது என்பதெல்லாம் கண்முன் நிற்கும். தவறான பதிவானாலும் அது எங்கே பிசகியது என்று நாமே பின்தொடர்ந்து கண்டுபிடிக்கலாம். விடையை மட்டும் சரளமாகச் சொல்லிவிட்டு ஆதாரத்தைக் காட்டாத கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், இந்த வெளிப்படைத்தன்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

துல்லியத்தை அவ்வாறு பாராட்ட முடியவில்லை. முதல் 67 நாட்களில் திரண்ட சுமார் 2,42,000 செய்திகளில் 74 விழுக்காடு சரியானவை என்று குழுவே மதிப்பிட்டது. நாள் செல்லச் செல்லப் புதிதாகச் சேர்பவற்றின் தரம் குறைந்ததையும் அது மறைக்கவில்லை. அடுமனைப் பண்டங்கள் என்ற வகையில் ரொட்டியையும் கேக்கையும் பிழையின்றிச் சேர்த்துவந்த நிரல், இணையதளங்கள் உலாவியில் பதிக்கும் ‘குக்கீ’ என்னும் சிறு கோப்பையும், பிஸ்கட் போன்ற பண்டத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்பதால், அங்கே சேர்த்தது. குக்கீகளை அழித்துவிட்டேன் என்ற வாக்கியத்தைப் படித்திருந்ததால், அழிக்கப்படும் கணினிக் கோப்புகளும் தின்பண்டமாகிவிட்டன. ‘நம்பிக்கை’, அதாவது நிரல் உண்மையென்று கொண்ட செய்தி, தவறானால் அதுவே அடுத்த தவறுக்குச் சான்றாகிவிடும் இக்குறையே இம்முறையின் அடிப்படைச் சிக்கல். மிட்செல் தம் கையால் அந்தத் தவறான பதிவுகளைத் திருத்த வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் சரி, தவறு என்று வாக்களிக்கப் பொத்தான்கள் இருந்தது நல்ல ஏற்பாடு. ஆயினும் 2018-இல் ஏறத்தாழ 12 கோடி நம்பிக்கைகளாக வளர்ந்துவிட்ட தொகுப்பை அவ்வாறு சலித்தெடுப்பது எளிதன்று.

பொது அறிவுக்கு விடை தேடுவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இயந்திரக் கற்றலைப் பயிலும் மாணவர்கள் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு, உறுதி குறைந்த பதிவுகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் ஆதாரச் சொற்றொடரையும் படித்துப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.