முன்கட்டில் ஒரு ராத்திரி, பின்கட்டில் ஒரு ராத்திரி

கடலூர்ப் பக்கம் 30 வருஷம் வீடு கட்டிக் கொடுத்தவன் நான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். புதுச்சேரியில் வைசியாள் வீதிக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் இந்த விடுதியை மகள் ஆன்லைனில் பிடித்தாள். முன்கட்டு பழைய தமிழ் வீடு. பின்கட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கான்கிரீட் எழுப்பியிருக்கிறார்கள். முன்னால் ஒரு நாளுக்குத்தான் அறை காலி. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம்.

முன்கட்டு அறை 4,200 ரூபாய். கொடுக்கலாம். படுத்தபடியே தேக்குக் கட்டைகளை எண்ணினேன், 17. அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போன மெட்ராஸ் டெரஸ். சென்ட்ரிங் கிடையாது, கம்பி கிடையாது. என்னிடம் வேலை பார்த்த மேஸ்திரிகளில் ஒருவருக்குத்தான் அந்தக் கைவேலை தெரியும். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியே ஐப்பசி மழை முற்றத்தில் கொட்ட, தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். காபி சுமார்.

குறை, கட்டில் தலைமாட்டுச் சுவரில். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். “அடுத்தவங்க வீட்டுச் சுவரை எதுக்குங்க நோண்டுறீங்க?” என்றாள் மனைவி. உள்ளே சிமென்ட் பூச்சு! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடவும் செய்யும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் உப்பு பூக்கும், செங்கல் உதிர ஆரம்பிக்கும். மேனேஜரிடம் சொன்னேன். “சீசன் முடிஞ்சதும் பெயின்ட் அடிச்சிடுவோம் சார்” என்றார். வியாதியே அதுதானே! கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் கட்டிய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்த ஊர் இது. அதே உருவத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அரசாங்கத்துக்கு முடியும். தனி ஆளுக்கு?

பின்கட்டு 3,100 ரூபாய். பாத்ரூம் பளிச், வெந்நீர் உடனே வருகிறது, மனைவியின் முழங்காலுக்கு லிப்ட் வசதி. சரி. ஆனால் வாசலில் நாலு தூண் நிற்கிறதே, தட்டிப் பார்த்தேன். டொக் என்றது. பைபர். மேலே தேக்கு நிறத்தில் ஓடும் கட்டைகள் பிளாஸ்டர் ஆப் பாரிஸ். திண்ணை என்று ஒன்று, ஒன்பது அங்குல அகலம், பூந்தொட்டிதான் உட்காரும். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகள் தெருவுக்கு மதிலைக் காட்டும். மேற்கே நம் வீடுகள் திண்ணையைக் காட்டும், வழிப்போக்கன் உட்காரட்டும் என்று. இங்கே இரண்டும் இல்லை. ராத்திரி அரை மணி நேரம் கரன்ட் போனது. சன்னல் கண்ணாடி திறக்கிற வகையே இல்லை. வெந்துவிட்டோம்.

கான்கிரீட் என்பதால் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் சோறே அதில்தான் வந்தது. காலையில் நடந்துபோய் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைத் தெருவில் நின்றே பார்த்தேன், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1930களில் ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. ஜார்ஜ் நகஷிமா என்ற இளைஞர் இங்கேயே தங்கிக் கட்டினார். ஹைதராபாத் நிஜாம் அரசின் பணம் வந்ததால் அங்குள்ள கோல்கொண்டாவின் பெயர். அதுவும் கம்பி கட்டிய கான்கிரீட்தான். முகப்பு நெடுக, திருப்பித் திருப்பி வைக்கிற பட்டைகள். வெயில் வந்தால் சாய்த்துக்கொள்ளலாம், காற்று வந்தால் திறந்துகொள்ளலாம். பழசு மாதிரி வேஷம் போடுகிற தூண் ஒன்றுகூட இல்லை. பத்து நிமிஷம் நின்றேன். மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

முன்கட்டு அறை கிடைத்தால் போங்கள், கட்டிலை மட்டும் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். பின்கட்டுதான் காலி என்றால் வேண்டாம். அதே 3,100-க்கு பஸ் நிலையம் பக்கம் சன்னல் திறக்கிற அறையாகவே பார்த்துக்கொள்ளலாம்.