வேலூரில் ‘7.1 சவுண்ட் கார்டு’ என்று விற்கப்படும் பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் கணினியை ஹோம் தியேட்டரோடு இணைத்து வீட்டில் படம் பார்ப்பவர்கள், பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். பின்பக்க ஸ்பீக்கர்களில் ஒலி வரவில்லை என்று நாங்கள் சொன்னதற்கு, நன்றாக இருந்த ரிசீவரை (ஒலியை வாங்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) கெட்டுவிட்டது என்று சொல்லி, ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப் ஊஃபருக்கும் தனித்தனியாகப் போகும் ஆறு சேனல் (5.1) ஒலியைத் தரவே முடியாத ஒரு பொருளை 6,500 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டி, அது வேலை செய்வது போலவும் காட்டிவிட்டுப் போனார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் கையாண்ட முறையைத் தெரிந்துகொண்டால், எந்தக் கடைக்காரர் செய்தாலும் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் கணினியின் எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவருக்கும், அங்கிருந்து இன்னொரு கேபிள் டிவிக்கும் போகும்படி பல ஆண்டுகளாக இணைப்பு இருந்தது. புதிய 4கே டிவியைச் சுவரில் மாட்ட வந்தவர்கள், கணினியை நேராக டிவியில் செருகி, டிவியிலிருந்து ஒலியை மட்டும் கடத்தும் ஓர் ஆப்டிகல் கேபிளை ரிசீவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று முதல் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே ஒலித்தன. ஊருக்குள் ஆடியோ பழுது பார்க்கும் ஒரு கடைக்குச் சொல்லி அனுப்பினோம்.

வந்தவர் ரிசீவரின் முகப்பில் ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று தெரிந்ததைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “சார், உங்க ரிசீவர்ல டிகோடர் ஐசி போயிடுச்சு. மதர்போர்டுலயும் சவுண்ட் சிப் வீக்கா இருக்கு. 7.1 கார்டு போட்டாதான் சரியாகும்” என்றார். (டிகோடர் என்பது சுருக்கி வரும் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரித்தெடுக்கும் பகுதி.) பையிலிருந்து அவர் எடுத்தது விரல் நீளமுள்ள ஒரு யுஎஸ்பி பொருள். அட்டையில் ‘7.1 சேனல்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மறுமுனையிலோ, ஹெட்போனுக்கான பச்சைத் துளை ஒன்றும் மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளை ஒன்றும் மட்டுமே இருந்தன. பச்சைத் துளையிலிருந்து சிவப்பு, வெள்ளை முனை கொண்ட சாதாரண ஆடியோ கேபிளை ரிசீவருக்குக் கொடுத்து, ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லா ஸ்பீக்கர்களும் ஒன்றாக ஒலித்தன. ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு, “பில்லு அப்புறம் அனுப்பறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ஏமாற்று முழுவதும் அந்த ஒரு பொத்தானில்தான் இருக்கிறது. ரிசீவர்களில் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்றோ ‘மல்டி சேனல் ஸ்டீரியோ’ என்றோ ஒரு முறை உண்டு. வருகிற இரண்டு சேனல் ஒலியையே எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்து அனுப்புவது அதன் வேலை. விருந்து, விசேஷங்களில் வீடு முழுக்கப் பாட்டுக் கேட்பதற்காக வைக்கப்பட்டது. பாட்டைப் போட்டால் வித்தியாசம் தெரியாது. படத்தைப் போட்டால் தெரிந்துவிடும்: பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரவேண்டிய வசனம் முதுகுக்குப் பின்னாலும் அதே அளவில் பேசும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசியது.

குடியாத்தத்தில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்யும் என் அக்காள் மகன் வந்தபோது முதலில் கேட்டது, “மாமா, அந்த ஆளு ரிசீவர்ல டெஸ்ட் டோன் போட்டுப் பாத்தாரா?” என்பதுதான். போடவே இல்லை. ரிசீவரின் மெனுவில் உள்ள டெஸ்ட் டோனை இவன் போட்டான். இரைச்சல் போன்ற அந்த ஒலி முன் இடது, நடு, முன் வலது, பின் வலது, பின் இடது, சப் ஊஃபர் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தது. ஸ்பீக்கர், ஒயர், ஆம்ப் ஆகிய மூன்றுமே நன்றாக இருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அடுத்ததாகப் பரணில் கிடந்த பழைய டிவிடி பிளேயரை இறக்கி, அதே ஆப்டிகல் கேபிளை அதில் செருகி, 5.1 ஒலி உள்ள ஒரு படத்தை ஓடவிட்டான். முகப்பில் இருந்த ‘பிசிஎம்’ மறைந்து ‘டால்பி டிஜிட்டல்’ என்று வந்தது. பின்பக்கத்தில் மழைச் சத்தம் தனியாகக் கேட்டது. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட டிகோடர் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

உண்மையான காரணம் இணைப்பு மாறியதுதான். எதிர்முனையில் இருக்கும் கருவி எத்தனை சேனல் ஒலியை ஏற்கும் என்பதை எச்டிஎம்ஐ வழியாகக் கணினி கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தத் தகவலுக்கு ஈடிஐடி என்று பெயர். எங்கள் டிவி ‘இரண்டு சேனல்’ என்று பதில் சொன்னதால், விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்தினால் ஸ்டீரியோ ஒன்றுதான் தெரிந்தது, 5.1 என்ற வரியே இல்லை. போதாக்குறைக்கு, ஆப்டிகல் கேபிளில் சுருக்கப்படாத பிசிஎம் ஒலி இரண்டு சேனலுக்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போலச் சுருக்கிய வடிவில்தான் ஆறு சேனல் அதில் போகும். எச்டிஎம்ஐ கேபிளிலோ எட்டுச் சேனல் பிசிஎம் ஒலியும் போகும்.

எங்கள் ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாத பழைய வகை என்பதால் பழைய இணைப்புக்கு அப்படியே திரும்ப முடியவில்லை. ஆகவே கணினியின் ஒரு எச்டிஎம்ஐ முனை படத்துக்காக டிவிக்கும், இன்னொன்று ஒலிக்காக மட்டும் ரிசீவருக்கும் போகும்படி மாற்றினோம். விண்டோஸ் ரிசீவரையும் இன்னொரு திரையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் தொந்தரவு எதுவும் இல்லை. ஒலிக் கருவிகளின் பட்டியலில் ரிசீவரைத் தேர்ந்தெடுத்ததும் 5.1 தானாக வந்துவிட்டது. படம் ஓட்டும் ‘கோடி’ மென்பொருளில், சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் ‘பாஸ்த்ரூ’ அமைப்பை இயக்கி, ரிசீவர் ஏற்கும் வகைகளை மட்டும் குறித்து வைத்தோம். செலவு ஒரு கேபிளின் விலைதான்.

கடைக்காரர் விற்ற பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ துளை ஒன்றில் இரண்டு சேனல் ஒலிதான் வெளியே வரும். 5.1 ஒலியை அனலாக் முறையில் எடுக்க மூன்று துளைகள் தேவை: முன்பக்கத்துக்குப் பச்சை, நடுவுக்கும் சப் ஊஃபருக்கும் ஆரஞ்சு, பின்பக்கத்துக்குக் கறுப்பு. 7.1, அதாவது எட்டுச் சேனல் என்றால், சாம்பல் நிறத்தில் நான்காவதும் வேண்டும். அப்படிப் பல துளைகள் கொண்ட, உண்மையாகவே 7.1 தரும் யுஎஸ்பி கார்டுகளும் இருக்கின்றன. ஒற்றைப் பச்சைத் துளை உள்ள பொருளின் மேல் அச்சிட்டிருக்கும் 7.1 என்பது, ஹெட்போனில் சுற்றொலி போன்ற உணர்வைத் தரும் மென்பொருள் வேலையை மட்டுமே குறிக்கும்; ரிசீவரின் பின்பக்க ஸ்பீக்கருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை 6,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. அதைவிட, நல்ல ரிசீவரை மக்கள் தூக்கி எறியும்படி இவர்கள் பேசுவது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் போய்க் கேட்டபோது, “வித்த பொருள திரும்ப எடுக்கறதில்ல சார்” என்றார்கள், பில்லும் தரவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு உரிய முறையில் பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதே பொருளை இதே விதமாக வாங்கியவர்கள் அட்டைப் பெட்டியையும், பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும், கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.