வெளியில கிடக்குற தேக்கு பெஞ்சுக்கு மர ஆயில், ரெண்டு வருஷம் பூசிப் பாத்துட்டு எழுதுறேன்

மேல கூரை கிடையாது, வெயில் மழை எல்லாம் நேரா வாங்குற பெஞ்சு. அப்பா காலைல பேப்பர எடுத்துட்டுப் போய் உக்கார்ற இடம் அதுதான், அதனால இத எப்படியாவது காப்பாத்திடணும்னு எனக்கு ரொம்ப இருந்துச்சு. மொதல்ல வார்னிஷ்தான் அடிச்சோம். பளபளன்னு அழகாதான் இருந்துச்சு, ஆனா ஒரு வெயில் காலமும் ஒரு மழைக்காலமும் போனதும் கை வைக்கிற கட்டை ஓரத்துல முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, அது வழியா தண்ணி உள்ள போய் வெளிய வர வழியில்லாம வார்னிஷுக்கு அடியில வெள்ளை வெள்ளையா பூத்துடுச்சு. நகத்தால கிள்ளுனா வெங்காயத் தோல் மாதிரி நீளமா உரிஞ்சு வருது, அடியில மரம் கருத்துக் கிடக்கு.

அதுக்கப்புறம்தான் இந்த ஆயிலுக்கு வந்தேன். 5க்கு 4 ஸ்டார்.

மரம் ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும். வார்னிஷ் மேல படலமா நிக்கிறதால அந்த அசைவுக்கு ரொம்ப நாள் ஈடு குடுக்க முடியாது. ஆயில் மரத்துக்குள்ள எறங்கிடுது, மேல உரியிறதுக்குன்னு ஒண்ணும் இல்ல, நாளாக ஆக மங்கும் அவ்வளவுதான். மறுபடி பூசணும்னா கழுவி காயவச்சு அப்படியே பூசிக்கலாம், எல்லாத்தையும் சுரண்டுற வேலை இல்ல. எனக்கு இதுக்காகவே இந்த ஆயில் பிடிச்சுப்போச்சு.

வாங்குறவங்க கலர் இல்லாத டப்பாவ எடுக்காதீங்க. நான் மொதல்ல அததான் வாங்குனேன், தண்ணி உருண்டு ஓடுச்சு, ஆனா சில மாசத்துலயே மரம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு. மர நார்களை ஒட்டிப் பிடிச்சு வச்சிருக்கிற லிக்னின்ங்கிற பொருளை வெயில்ல வர்ற புறஊதாக் கதிர் சிதைச்சுடுது, அப்புறம் மழை அத கழுவிட்டுப் போயிடுது, அதான் அந்த சாம்பல். ஷேட் போட்ட ஆயில்ல இருக்கிற நிறத்தூள் அந்த வெயில தடுக்குது. அடுத்த தடவை தேக்கு ஷேட் எடுத்தேன், வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது. சாம்பல் நிறம் பரவாயில்லன்னு நினைக்கிறவங்க பயப்பட வேண்டாம், நல்லா வைரம் பாஞ்ச தேக்குல அது மேல்தோலோட நிறம் மட்டும்தான், உள்ள பலம் போயிடாது.

பூசுறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியும் மெத்துன்னு இருக்கிற பிரஷும் வச்சு மர வரி ஓடுற திசையிலயே தேய்ச்சு கழுவுங்க, வேகமா தண்ணி அடிக்கிற மிஷின் வேண்டாம், நார் நாரா எழும்பி நிக்கும். நல்ல வெயில்ல ரெண்டு மூணு நாள் காயட்டும். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், அதுக்கு மேல 120, அதோட நிறுத்திக்கணும், ரொம்ப வழவழப்பா தேச்சா ஆயில் சரியா எறங்காது. மெலிசா பூசி, 15, 20 நிமிஷத்துல மரம் குடிக்காம மிச்சம் நிக்கிறத துணியால துடைச்சு எடுத்துடணும். தம்பி இன்னொரு பெஞ்சுக்கு தாராளமா பூசி துடைக்காம விட்டுட்டான், நாலு நாள் ஆகியும் பிசுபிசுன்னு ஒட்டுச்சு, தூசியும் கொசுவும் அதுலயே ஒட்டிக்கிச்சு, கடைசியில டர்பன்டைன் நனைச்ச துணியால முழுசா துடைச்சு எடுத்தோம்.

கால்களை மறக்காதீங்க, பெஞ்சு கெட்டுப் போறது பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும். காலோட அடியில மரத்த குறுக்க அறுத்த வெட்டுமுனைய கிட்டத்துல பாத்தா ஸ்ட்ராவ கட்டா கட்டி வச்ச மாதிரி சின்னச் சின்ன துவாரமா இருக்கும், தரையில இருக்கிற ஈரத்த அப்படியே மேல இழுக்கும். எங்க பெஞ்சுல ஒரு காலோட அடியில ஸ்க்ரூடிரைவர வச்சு அழுத்துனா அரை இஞ்சு உள்ள போச்சு, மேல பாக்க ஒண்ணுமே தெரியல. அந்த எடத்த அறுத்து சமப்படுத்திட்டு, பெஞ்ச கவுத்துப் போட்டு, கால் முனையில மட்டும் ஆயில அஞ்சு தடவை விட்டேன், ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு இருக்கும்போதே உறிஞ்சிடுச்சு, ஆறாவது தடவைதான் மேல நின்னுது. இப்ப நாலு காலுக்கும் அடியில தட்டைக் கல் இருக்கு, மண்ணு படுறதில்ல.

ஸ்டார் குறைச்சதுக்கு காரணம் இருக்கு. இதுல ஆளி விதை எண்ணெய் கலந்திருக்கு, துடைச்ச துணிய சுருட்டிப் போட்டா காத்தோட சேர்ந்து சூடாகி தானாவே தீப்பிடிக்கும், இவ்வளவு பெரிய விஷயத்த டப்பா பின்னாடி பொடி எழுத்துல ஒரு வரியா போட்டிருக்காங்க. துணிய வெளியில விரிச்சுப் போட்டு காயவைங்க, இல்லன்னா தண்ணியில முக்கி வைங்க, தயவு செஞ்சு குப்பைக் கூடையில திணிக்காதீங்க. அடுத்தது, கை வைக்கிற கட்டையும் உக்கார்ற பலகையும் ஒரு வருஷம் தாங்கல, ஏழெட்டு மாசத்துலயே மறுபடி பூச வேண்டியிருந்துச்சு.

எப்ப பூசணும்னு தெரிய நாலு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா விட்டுடுங்க, பரவி மரம் கருத்துச்சுன்னா பூசுற நேரம் வந்துடுச்சு. இரும்பு ஸ்க்ரூவச் சுத்தி கருப்பா கறை இருந்தா இந்த ஆயில் அத மறைக்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவா மாத்திட்டு அப்புறமா பூசுங்க. மழைக்குன்னு பிளாஸ்டிக் ஷீட்ட இறுக்கி சுத்தவும் வேண்டாம், உள்ளயே வேர்த்து பூஞ்சை பிடிக்குது.

மூணு பேர் உக்கார்ற பெஞ்சுக்கு ஒரு லிட்டர்ல ரெண்டு கோட் போக நிறையவே மிச்சம் ஆகுது. மூடிய நல்லா இறுக்கி வைங்க, உள்ள காத்து போனா ஆயில் மேல ஆடை கட்டிடும்.