சதுப்பு வயலெட்டை இனம் காண ஒரு 10 மடங்குக் கைலென்ஸ்

மூணாறு, வட்டவடைப் பக்கத்து ஈரப் புல்வெளிகளில் காட்டு வயலெட் செடிகளைத் தேடிச் செல்பவர்கள் பலரும் பூவின் நிறத்தையும் கைப்பேசிப் படத்தையும் நம்பியே இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே இனத்திலேயே ஊதாவும் வெளிறிய பூக்களும் உண்டு என்பதால் நிறம் இங்கே பெரிதாக உதவாது. முடிவு சொல்லக்கூடியவை மிகச் சிறிய உறுப்புகள். அவற்றைப் பார்ப்பதற்காகவே, பொற்கொல்லர் கருவிகள் விற்கும் கடையொன்றில் 500 ரூபாய்க்குள் கிடைத்த இந்த மடக்குக் கைலென்ஸை வாங்கினேன்.

மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்பதால் விளிம்புவரை உருவம் தெளிவாகத் தெரிகிறது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, செடி ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தொலைவுக்கு வரும்வரை குனிய வேண்டும். 20 மடங்கு லென்ஸில் இந்தத் தொலைவு பாதியாகிவிடும். நம் தலை நிழலே செடியை மறைத்துவிடும். பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

வயோலா என்பது வயலெட்டின் அறிவியல் பெயர். அதில் வயோலா பெட்டோனிசிஃபோலியா என்ற இனத்துக்கு லென்ஸே தேவையில்லை; நீண்டு குறுகிய இலையும், சிறகுபோல் விளிம்பு கட்டிய இலைக்காம்பும் வெறுங்கண்ணுக்கே தெரியும். சிக்கல் இதய வடிவ இலையுள்ள வயோலா பைலோசாவிலும் வயோலா ஹாமில்டோனியானாவிலும்தான். பைலோசாவுக்கு நிமிர்ந்த தண்டு கிடையாது. இலைகள் அடியிலிருந்தே கிளம்ப, ஓடுதண்டுகள் தரையோடு படரும். அதன் இலைக்காம்பின் அடியில் புல்லை விலக்கி லென்ஸை வைத்தால், இலையடிச் செதிலின் விளிம்பு நீண்ட இழைகளாகக் கிழிந்திருப்பதும், இலைப்பரப்பில் தூவிகள் (நுண்மயிர்கள்) நிற்பதும் துல்லியமாகத் தெரிகின்றன. ஹாமில்டோனியானாவில் இலைகள் தண்டின்மீதும் வரிசையாக அமைந்திருக்கும். நம் ஓரிதழ்த்தாமரையும் இதே குடும்பம்தான். அதன் ஒற்றைப் பெரிய இதழைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வயலெட்டின் கீழிதழும் அதன் பின்னால் நீளும் சிறு பையும் எளிதில் பிடிபடும்.

இந்த வகைக் கண்ணாடியின் அருமை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இன்னும் நன்றாக விளங்கும். அங்கே சதுப்புகளிலும் ஈரப் புல்வெளிகளிலும் வளரும் சதுப்பு வயலெட்டான வயோலா குக்குல்லாட்டாவின் பூக்கள் இலைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் என்பது ஓர் அடையாளம். ஆனால் உறுதியான சான்று பக்க இதழ்களின் தூவிகளில் இருக்கிறது. அவற்றின் நுனி தீக்குச்சித் தலைபோலப் பருத்திருக்கும். அதை ஒத்த வயோலா சொரோரியாவிலோ தூவிகள் நுனிவரை மெலிந்தே இருக்கும். இந்த வேறுபாட்டை லென்ஸ் இல்லாமல் நம்பிச் சொல்ல முடியாது.

குறையும் உண்டு. மலைப்பனியில் உலோக உறை துருப்பிடிக்கத் தொடங்கியது, கீல் திருகும் தளர்ந்தது. எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இறுக்கிக்கொண்டால் சரியாகிறது. கழுத்தில் மாட்டக் கயிறு வராததால் தனியே வாங்கிக் கட்ட வேண்டும். விளக்குப் பொருத்திய வகையைவிட இந்தச் சாதாரண வகையையே பரிந்துரைக்கிறேன். இரவிகுளம் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் செடியைப் பறிக்கவே கூடாது. நின்ற இடத்திலேயே, வேர் அசையாமல், எல்லா அடையாளங்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ள இது போதுமானது.