கைது முதல் தண்டனை வரை: கோலாலம்பூரில் இலவசச் சட்ட உதவி

மலேசியாவின் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் சேவையை என் தங்கை மகனுக்காக நாடினோம். 19 வயதான அவன், கட்டுமான இடத்தில் செம்புக் கம்பி திருடியதாகக் கைதாகியிருந்தான்.

2012 முதல் இயங்கும் இச்சேவையின் பெரிய பலம், குற்றஞ்சாட்டும் நாள்வரை காத்திராமல், தடுப்புக் காவலுக்கு (ரிமாண்ட்) போலீஸ் அனுமதி கேட்கும் நீதிமன்ற விசாரணையிலேயே வழக்கறிஞர் வந்து நிற்பதுதான். சாதாரணத் திருட்டுக்கு மாஜிஸ்திரேட் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள் காவல் மட்டுமே வழங்கலாம். அந்த நாள்களையும் விசாரணைக்குத் தேவையான அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று வாதாட ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது அன்று புரிந்தது. விசாரிக்கும் முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. அதைக் காவல் நிலையத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, வழக்கறிஞர்தான் சொன்னார்.

ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம் என்பதை வழக்கறிஞர் அவனுக்குத் தமிழில் விளக்கி, புரிந்ததா என்று திரும்பக் கேட்டார். என் தங்கை அழுதுகொண்டிருந்தாள். அவளிடமும் பொறுமையாகப் பேசினார். தண்டனைக் குறைப்பு வாதத்தில் அவர் இரக்கத்தை மட்டும் கேட்கவில்லை. இது முதல் குற்றம், திருடிய பொருள் மீட்கப்பட்டுவிட்டது, வெல்டிங் பயிற்சி பாதியில் நிற்கிறது, சில மாதச் சிறை அந்தத் தொழிலையே இழக்கச் செய்து அவனைப் பழைய குற்றவாளிகளோடு சேர்த்துவிடும் என்று ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு எடுத்துரைத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆம் பிரிவின்கீழ் நன்னடத்தைப் பிணை (சிறைக்குப் பதிலாக, ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதித் தரும் உறுதிப் பத்திரம்) கேட்டார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, தாய்மாமனாகிய நான் ஜாமீனாகக் கையெழுத்திட்டேன். நிபந்தனையை மீறினால் மீண்டும் அழைத்துத் தண்டனை விதிக்கலாம் என்பதால் இதை விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் இளைஞன் ஒருவன் செய்த தவற்றுக்குச் சிறை முதல் பதிலாக இருக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சேவையின் எல்லையையும் சொல்ல வேண்டும். வருமான வரம்பு உண்டு. சம்பளச் சீட்டைத் தயாராக வைத்திருங்கள். பெரும்பாலும் குடிமக்களுக்கே கிடைப்பதால், அதே கட்டுமான இடங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வழக்கறிஞரின்றியே நிற்க நேர்கிறது. அவர்களுக்கும் இது விரிவடைய வேண்டும்.