வீட்டுக் கஷ்டமும் கல்லூரித் தேர்வும்: பக்கத்துக் கல்லூரியா, தூரத்துக் கல்லூரியா, வேலையோடு படிப்பா?

கையில் காசு இறுக்கமாக இருக்கும் வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது, முதலில் வந்து நிற்கும் கேள்வி ஃபீஸ் எவ்வளவு என்பதுதான். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு தொகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், படிப்பு பாதியில் நின்றுபோகும் ஆபத்து கூடுகிறது. கல்லூரியில் சேர முடியாமல் போனவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சேர்ந்த பிறகு இரண்டாம் வருடத்தில் நின்றுபோனவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. பட்டமும் கைக்கு வராது, கட்டிய பணமும் திரும்பாது, வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால் மூன்று வழிகளையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன்: வீட்டில் ஒரு மோசமான மாதம் வந்தால் இந்தப் படிப்பு தாங்குமா? அப்பாவுக்கு வேலை போகலாம், அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கலாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். ஏற்கெனவே திண்டாடும் குடும்பத்தில், மூன்று நான்கு வருடப் படிப்பு முடிவதற்குள் இப்படி ஒரு மாதம் வராமல் இருப்பது அபூர்வம்.

வீட்டிலிருந்தே போய்வருவது

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் நினைப்பது இதைத்தான். ஹாஸ்டல் செலவு கிடையாது, சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் வேண்டாம், பிள்ளை பார்ட் டைம் வேலை பார்த்து நாலு காசு கொடுக்கவும் முடியும். "விரலுக்கேத்த வீக்கம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த வழியை மனதில் வைத்துத்தான்.

இதில் ஃபீஸ் ரசீதில் தெரியாத ஒரு கணக்கும் உண்டு. கஷ்டப்படும் வீட்டில் மூத்த பிள்ளை பல நேரம் அந்த வீட்டின் பாதி நிர்வாகம். தம்பியைப் பள்ளியில் விடுவது, அப்பாவுக்கு மருந்து வாங்கி வருவது, அரசு அலுவலகப் படிவத்தை நிரப்புவது, வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில்தான். அவள் வெளியூர் போனால் வீட்டில் நின்றுபோவது அவள் சம்பளம் மட்டுமல்ல, இந்த வேலைகளும்தான். அதற்கு யாரும் விலை போட்டுப் பார்த்ததில்லை, ஆனால் அவளுக்கு அது நன்றாகத் தெரியும். பக்கத்துக் கல்லூரியை அவள் தேர்ந்தெடுக்கும்போது, ஃபீஸைவிட இதை நினைத்தே தேர்ந்தெடுக்கிறாள்.

சிக்கலும் இங்கேதான் வருகிறது. பிள்ளை வீட்டில் இருப்பதால், மோசமான மாதத்தில் முதலில் வெட்டுப்படுவது வகுப்பு. "இன்னைக்கு ஒரு நாள் போகாதேயேன்" என்று கேட்பது சுலபம், மறுப்பது கஷ்டம். ஒரு நாள் ஒரு வாரமாகும். அப்புறம் ஒரு தேர்வு தவறும். படிப்பை நிறுத்துவதாக யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை, அது தானாகத் தேய்ந்து நிற்கிறது.

இதற்குத் தீர்வே இல்லை என்று சொல்லமாட்டேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ளும் மாணவருக்கு ஃபீஸில் விழும் துண்டு, பாடப்புத்தகம், பயண அட்டை ஆகியவற்றைக் கொடுத்து, அடிக்கடி சந்திக்க ஓர் ஆலோசகரையும் அமர்த்தினார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் செய்த ஆய்வில், திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குள் பட்டம் பெற்றார்கள். திட்டத்தில் இல்லாதவர்களில் அது சுமார் 22 சதவீதம்தான். இத்தனைக்கும் இரு தரப்பும் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய அதே கல்லூரிகள்தான். பஸ் காசும் புத்தகமும், "ஏன் போன வாரம் வரலை" என்று கேட்க ஓர் ஆளும் சேர்ந்தால் பக்கத்துக் கல்லூரியும் நன்றாகவே தாங்கும். அது இல்லாத கல்லூரி என்றால் குறைந்த ஃபீஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தூரத்துப் பெரிய கல்லூரி

பெயரைக் கேட்டதுமே "அது நமக்கில்லை" என்று ஒதுக்கிவிடும் வழி இது. அப்படி ஒதுக்குவதில் நிறைய இழப்பு இருக்கிறது. வெளியே சொல்லப்படும் ஃபீஸ் ஒன்று, உதவித்தொகை போக உண்மையில் கட்டுவது வேறொன்று. பெரிய நிதி வைத்திருக்கும் கல்லூரிகள் ஏழை மாணவருக்கு நிறையவே விட்டுக்கொடுக்கும். அமெரிக்கப் பொருளியலாளர்கள் கரோலைன் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: குறைந்த வருமானக் குடும்பங்களில் மிக நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள், கடும் போட்டி உள்ள கல்லூரி எதற்குமே விண்ணப்பிப்பதில்லை. உதவித்தொகையைக் கழித்தால் அங்கே படிக்க ஆகும் செலவு, அவர்கள் சேர்ந்த கல்லூரியைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்.

ஏன் விண்ணப்பிப்பதில்லை? பணம் இல்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, கேட்டுவிட்டு இல்லை என்றாகிவிடுமோ என்ற பயம். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆசையை அடக்கிவிடுகிறார்கள். "எனக்கு அந்தக் கோர்ஸ் அவ்வளவா பிடிக்கலை, நான் இங்கேயே படிக்கிறேன்" என்று ஒரு பையன் சாதாரணமாகச் சொல்வான். வீட்டில் அதை அவன் விருப்பம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் அது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-இல் ஏழை மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தது: உங்களுக்கு இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, அதற்காக வருமான விவரம் எதையும் நிரப்ப வேண்டாம். கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதம். அங்கே சேர்ந்தவர்கள், பெறாதவர்களில் 12 சதவீதம், பெற்றவர்களில் 27 சதவீதம். கவனிக்க வேண்டியது, இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமான முறையில் விண்ணப்பித்திருந்தாலும் ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும். முன்கூட்டியே கிடைத்த உறுதிதான் வித்தியாசம்.

சரி, கடிதம் வந்துவிட்டது, உதவித்தொகை உண்டு என்கிறது. அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். "முதலாம் ஆண்டுக்கு" என்று இருந்தால், இரண்டாம் ஆண்டு என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். "குறிப்பிட்ட மதிப்பெண் சராசரிக்குக் குறையாமல்" என்று இருந்தால், மோசமான மாதம் வரும் செமஸ்டரில்தான் மதிப்பெண்ணும் சரியும், அதாவது உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் நின்றுபோகும். "கல்விக் கட்டணம் முழுவதும்" என்றால் ஹாஸ்டலும் சாப்பாடும் அதில் இல்லை என்று பொருள். அடுத்து தேதி. ஃபீஸ் கட்ட வேண்டிய நாளும் உதவித்தொகை கைக்கு வரும் நாளும் ஒன்றா? நடுவில் மூன்று மாதம் இடைவெளி இருந்தால் அந்த மூன்று மாதத்துக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஊருக்கு அவசரமாகத் திரும்பும் பயணச் செலவையும் கணக்கில் சேருங்கள். உதவித்தொகைப் பணத்திலேயே மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் மாணவர்கள் உண்டு. நல்ல மனம்தான். ஆனால் அவர்கள் சாப்பாட்டைக் குறைத்துத்தான் அதை அனுப்புகிறார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது

மாலைக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்ததிலிருந்து, வேலையையும் குடும்பத்தையும் விட முடியாதவர்களுக்கு இது மரியாதையான பாதை. வீட்டின் ஒரே வருமானமே அந்தப் பிள்ளைதான் என்றால், யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு நான் இதை முதலில் சொல்லமாட்டேன். பணம் தாங்கும், நேரம் தாங்காது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து தனியாகப் புத்தகத்தைத் திறப்பது, சொல்வதைவிட மிகவும் கடினம்.

கடன் எடுக்கலாமா என்ற கேள்வி மூன்றுக்கும் பொது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதத் தவணை வரும் கடன் ஒரு வகை. ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்ததுபோல, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துப் பிடிக்கும் கடன் இன்னொரு வகை. இரண்டாவது கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம். முதல் வகையை, உதவித்தொகையில் விழும் சிறிய துண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு

முழுப் படிப்புக்கும், ஹாஸ்டல் சாப்பாடு உட்பட, எழுத்தில் உறுதி கிடைத்தால் தூரத்துக் கல்லூரிதான். அதற்கு முன் வீட்டு வேலைகளை யார் யார் பங்கு போட்டுக்கொள்வது என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அந்த உறுதி கிடைக்காவிட்டால், மாணவரை விசாரிக்க ஆள் வைத்திருக்கும் பக்கத்துக் கல்லூரி. அரைகுறை உதவியோடு தூரத்தில் போய்ச் சேர்வதுதான் மூன்றையும்விட ஆபத்தானது.

எந்தக் கல்லூரி என்றாலும், சேரும் முன் அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள்: நடுவில் ஃபீஸ் கட்ட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், சிறிய பாக்கித் தொகைக்காகவே மாணவர்களின் பெயர் நீக்கப்படுவதைக் கண்டு, 2011-இல் ஒரு நிதியை ஏற்படுத்தியது. மாணவர் விண்ணப்பிக்கவே வேண்டாம், பல்கலைக்கழகமே பார்த்து பாக்கியை அடைத்துவிடும். இப்படி ஏதாவது உண்டா, எத்தனை நாளில் கிடைக்கும், யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.